பியானோ ட்ரியோவை பாஸிலிருந்து கேளுங்கள்

கொழும்பில் எந்தக் கல்லூரி மண்டபத்தில் ஜாஸ் பியானோ ட்ரியோ (பியானோ, பாஸ், ட்ரம்ஸ் என்ற மூவர் குழு) வந்து வாசித்தாலும், இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு நிற்கிற எங்கள் ஆட்கள் கேட்கிற கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். “பாட்டு எங்க தொடங்கி எங்க முடிஞ்சதெண்டே பிடிபடேல்லை அண்ணை. இவை எழுதி வச்சதை வாசிக்கினமோ, இல்லாட்டி அங்கயே யோசிச்சு வாசிக்கினமோ?”

நல்ல கேள்வி. சின்ன வயதிலிருந்தே கச்சேரியும் கோயில் மேளமும் கேட்டு வளர்ந்தவர்கள் கேட்கிற கேள்வி. கற்பனாஸ்வரம் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும், தனி ஆவர்த்தனத்தில் கோர்வை எங்கே வந்து விழப் போகிறது என்று தொடையில் தட்டிக்கொண்டே காத்திருக்கவும் தெரியும். அப்படிப்பட்ட காதுக்கு ஜாஸ் பிடிபடாமல் போகக் காரணமே இல்லை. எந்த வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் பாஸைப் பிடியுங்கள் என்பேன். நடுவில் ஆளுயரத்துக்குப் பெரிய வயலின் மாதிரி நிற்கிறதே டபுள் பாஸ், அதை.

ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு பாட்டு உள்ளே எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். ‘ஆட்டம் லீவ்ஸ்’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் உலகத்தில் பாதி ட்ரியோக்கள் இதை வாசிக்கின்றன. ஹங்கேரியில் பிறந்த ஜோசஃப் கோஸ்மா 1945 இல் பிரான்சில் இசையமைத்த மெட்டு இது. மொத்தம் 32 பார், பாருக்கு நாலு அடி, ஆக ஒரு சுற்றுக்கு 128 அடி. ஆதி தாளத்தில் எண்ணினால் 16 ஆவர்த்தனம். நடுத்தர வேகத்தில் வாசித்தால் ஒரு சுற்று முடிய முக்கால் நிமிடம் அளவில் ஆகும். முதல் சுற்றில் மூன்று பேரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். அதுதான் எழுதி வைத்த பகுதி. இரண்டாம் சுற்றிலிருந்து மெட்டு போய்விடும், ஆனால் அந்த மெட்டுக்குக் கீழே இருந்த கோர்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டுகள், அதே வரிசையில், அதே இடங்களில், திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அந்தக் கோர்டுகளின் மேலேதான் பியானோக்காரர் அங்கேயே யோசித்து வாசிக்கிறார். மூன்று சுற்று, நாலு சுற்று, மனம் ஒத்துப்போனால் எட்டுச் சுற்று. பிறகு பாஸ் ஒரு சுற்றோ இரண்டோ எடுக்கும். பிறகு ட்ரம்ஸ். கடைசியில் பழையபடி மெட்டு வந்து பாட்டு முடியும்.

ஆக, எழுதியது, யோசித்தது இரண்டுமே உண்மை. பல்லவி முதலிலேயே இருக்கிறது, நிரவலும் ஸ்வரமும் மேடையில் பிறக்கின்றன என்பது எங்களுக்குப் புதிதில்லையே.

புதிது எங்கே இருக்கிறது என்றால் கோர்டு மாறுகிற இடத்தில். கர்நாடக சங்கீதத்தில் ஒரு ராகத்தை எடுத்துவிட்டால் அதற்கு உரிய ஸ்வரங்கள் கடைசி வரை அதேதான், கீழே தம்புரா ஒரே சுருதியில் நின்றுகொண்டிருக்கும். ஜாஸில் ஒரு பாரில் இனிக்கிற ஸ்வரம் அடுத்த பாரில் கோர்டு மாறினவுடன் உறுத்தும். அதனால் வாசிக்கிறவர் ஒவ்வொரு இரண்டு செக்கனுக்கும் காலுக்குக் கீழே நிலம் மாறுவதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே ஒரு நீண்ட சொற்றொடரைக் கட்ட வேண்டும். இதைத்தான் எங்கள் காது தவறவிடுகிறது. நாங்கள் நிலையான சுருதியைத் தேடுகிறோம், அது அங்கே இல்லை. இங்கே தம்புராவே எழும்பி நடக்கிறது. நடக்கிற அந்தத் தம்புராதான் பாஸ். அடிக்கு ஒரு ஸ்வரம், பாருக்கு நாலு, நிற்காமல். பாரின் முதல் அடியில் பெரும்பாலும் அந்தக் கோர்டின் ஆதார ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு, மற்ற மூன்று அடிகளில் அடுத்த கோர்டுக்குப் போகிற வழியைப் போடும். பியானோ எங்கே பறந்தாலும் பாஸைப் பிடித்திருக்கிறவருக்கு 32 பாரில் இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியும். இரண்டு சுற்று இப்படிக் கேட்டுவிட்டால் மூன்றாவது சுற்றின் தொடக்கம் வருவதை உடம்பே சொல்லும்.

தாளம் போடுகிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். எங்களுக்கு சமத்தில் கை விழும். ஜாஸில் அழுத்தம் இரண்டாம், நாலாம் அடிகளில். ட்ரம்மரின் இடது காலைப் பாருங்கள், ஹை-ஹாட் என்ற அந்த இரட்டைச் சிம்பலை அவர் மிதித்து மூடுவது அந்த இரண்டு அடிகளில்தான். வலது கை ‘ரைட்’ (ride) என்ற இன்னொரு சிம்பலில் ‘டிங், டிங்-க டிங்’ என்று போய்க்கொண்டே இருக்கும். அரங்கத்தில் முதலாம் மூன்றாம் அடிகளில் கை தட்டினால் மேடையில் இருப்பவர்களுக்கு அது உண்மையிலேயே சிரமம். கால் விரலால் இரண்டிலும் நாலிலும் மெல்லத் தட்டிப் பழகுங்கள், கொஞ்ச நேரத்தில் அந்த ஆட்டம் பிடிபட்டுவிடும்.

பிறகு வருவது எங்கள் ஆட்களுக்கு மிகவும் பிடிக்கிற இடம். பாட்டின் கடைசிப் பகுதியில் பியானோ நாலு பார் வாசிக்கும், ட்ரம்ஸ் நாலு பார் பதில் சொல்லும், திரும்ப பியானோ நாலு பார். சில குழுக்கள் எட்டு எட்டாகத் தொடங்கி நாலுக்கு இறங்கி இரண்டுக்கும் வரும். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, ஆவர்த்தனத்தைக் குறைத்துக் குறைத்து நெருங்குவதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோயில் வீதியில் இரண்டு தவில் எதிரும் புதிருமாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கும், யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலை ஒலிப்பதிவிலாவது கேட்டு வளர்ந்தவர்களுக்கும் அந்த நாலு பாருக்குள் ட்ரம்மர் என்ன கணக்குச் செய்கிறார் என்று பிடிக்க அதிக நேரம் எடுக்காது. அந்த நேரத்தில் பாஸ் பேசாமல் நிற்கலாம். அப்படி நின்றாலும் 32 பார் சுற்று நிற்காது, உங்கள் மனதுக்குள் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த மூன்று வாத்தியக் கூட்டு தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததில்லை. 1937 இல் லொஸ் ஏஞ்சலிஸில் நாட் கிங் கோல் ட்ரியோ தொடங்கியபோது பியானோ, கிட்டார், பாஸ்தான், ட்ரம்ஸ் கிடையாது. 1943 இல் ஆர்ட் டேட்டமும் அதே கூட்டைத்தான் எடுத்தார். ஒஸ்கார் பீட்டர்சன் 1958 வரை ஹெர்ப் எல்லிஸின் கிட்டாரோடு வாசித்துவிட்டு, 1959 இல்தான் எட் திக்பெனை ட்ரம்ஸுக்குச் சேர்த்தார். அதற்கிடையில் 1940களில் பட் பவல் போன்றவர்கள் இடது கையால் தாளம் போடுகிற வேலையை பாஸிடமும் ட்ரம்ஸிடமும் கொடுத்துவிட்டு, இடது கையை இடையிடையே ஒரு கோர்டு குத்துவதற்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். வலது கை சாக்ஸபோன் மாதிரி ஓடத் தொடங்கியது. இன்று நாங்கள் மேடையில் பார்க்கிற உருவம் அங்கேதான் நிலைத்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் இரண்டைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று அஹ்மத் ஜமால். 1958 ஜனவரியில் சிகாகோவில் பெர்ஷிங் ஹோட்டலின் லவுஞ்சில் அவர் இஸ்ரேல் கிராஸ்பி, வெர்னெல் ஃபூர்னியே இருவரோடும் வாசித்துப் பதிந்த இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நூறு வாரங்களுக்கு மேல் இருந்தது. பியானோக்காரர் வாசிக்காமல் விடுகிற இடங்கள்தான் அதில் விசேஷம். அவர் கையை எடுக்கிறார், பாஸும் ட்ரம்ஸும் மட்டும் போகின்றன, அது வெறுமையாகத் தெரியவில்லை. மற்றது பில் எவன்ஸ். பாஸில் ஸ்காட் லஃபாரோ, ட்ரம்ஸில் போல் மோஷன். இந்த மூவரும் 1961 ஜூன் 25 ஞாயிற்றுக்கிழமை நியூயோர்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் ஒரே நாளில் ஐந்து தடவை மேடையேறி வாசித்ததைப் பதிந்தார்கள். லஃபாரோ அங்கே நடக்கிற பாஸை விட்டுவிட்டு பியானோவோடு நேருக்கு நேர் கதைக்கிறார், குறுக்கிடுகிறார், சில இடங்களில் பியானோவுக்கு மேலே போகிறார். பதினொரு நாளில், ஜூலை 6 ஆம் திகதி, கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பியானோ ட்ரியோவில் பாஸ்காரரை யாரும் பக்கவாத்தியம் என்று சொல்ல முடியாமல் போனது. அந்த ஒலிப்பதிவில் பின்னால் கண்ணாடிக் கோப்பைகள் உரசுகிற சத்தமும் சனம் கதைக்கிற சத்தமும் கேட்கும். இவ்வளவு பெரிய விஷயம் நடந்துகொண்டிருக்கும்போது பாதிப் பேர் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும்.

இதனால்தான் கல்லூரி மண்டபம் முக்கியம் என்கிறேன். கிளப்பில் இசை என்பது குடிவகைக்கும் சாப்பாட்டுக்கும் பின்னால் ஓடுகிற ஒன்று. கல்லூரியில் ஆட்கள் கதிரையில் உட்கார்ந்து மேடையைப் பார்க்கிறார்கள். பியானோக்காரர் டேவ் புரூபெக் 1949 இல் ட்ரியோவாகத் தொடங்கி, பிறகு போல் டெஸ்மண்டின் சாக்ஸபோனைச் சேர்த்து நால்வர் குழுவாக, குவார்டெட்டாக்கினார். அவருடைய மனைவி அயோலாதான் அமெரிக்க மேற்குக் கரையில் இருந்த கல்லூரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, உங்கள் மாணவர்களுக்காக வந்து வாசிக்கிறோம் என்று கேட்டவர். 1953 இல் ஓபர்லின் கல்லூரியில் வாசித்ததும், 1954 இல் பல கல்லூரிகளில் வாசித்ததைத் தொகுத்ததும் இசைத்தட்டுகளாக வந்தன. ஜாஸுக்கு உட்கார்ந்து கேட்கிற ஒரு தலைமுறை கிடைத்ததில் அந்தக் கடிதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பாடசாலை மண்டபத்தில் வாசித்த ட்ரியோ என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பியானோக்காரர் எரல் கார்னர். 1955 செப்டெம்பர் 19, கலிஃபோர்னியாவின் கார்மெல் என்ற கடற்கரை ஊர், சன்செட் ஸ்கூல் என்ற பாடசாலையின் மண்டபம். பாஸில் எடி கால்ஹூன், ட்ரம்ஸில் டென்சில் பெஸ்ட். பியானோ சுருதி சரியாக இல்லை. இசைத்தட்டு போடுகிற யோசனையே யாருக்கும் இருக்கவில்லை, மேடைக்குப் பின்னால் யாரோ நாடாவில் பதிந்துகொண்டிருப்பதை அவருடைய மேலாளர் மார்த்தா கிளேசர் கண்டு அதை வாங்கிக்கொண்டார். ‘கொன்சர்ட் பை த ஸீ’ என்று வெளிவந்து, ஜாஸில் மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்றானது. கேட்டுப் பாருங்கள், இடது கை கிட்டார் மீட்டுகிற மாதிரி நாலு அடியையும் சரியாகப் போட்டுக்கொண்டிருக்க, வலது கை ஒரு மயிரிழை பிந்தி வந்துகொண்டிருக்கும். அந்தப் பிந்தலில்தான் முழு இன்பமும் இருக்கிறது. அப்புறம், கார்னருக்கு நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது. கடைசி வரை தெரியாது.

இதை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். கொழும்பில் தமிழ்க் குடும்பங்களில் பியானோ படிக்கிற பிள்ளைகள் ஏராளம். ரோயல் ஸ்கூல்ஸ், ட்ரினிட்டி என்று லண்டன் சோதனைகள், கிரேட் எய்ட் வரை சான்றிதழ், வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். அந்தப் பிள்ளையிடம் புத்தகத்தை மூடிவிட்டு ஏதாவது வாசி என்றால் கை நின்றுவிடும். பிள்ளையில் பிழை இல்லை, சோதனைக்கு மூன்று துண்டு, ஸ்கேல், சைட் ரீடிங் என்று வருடம் முழுவதும் ஓடினால் வேறெதற்கு நேரம்? புரூபெக்கும் கல்லூரியில் படிக்கும்போது நொட்டேஷன் வாசிக்கத் தெரியாமல்தான் இருந்தார், பியானோ கற்பிக்கப் போவதில்லை என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் பட்டம் கொடுத்தார்கள். வாசிக்கத் தெரிவது பெரிய சொத்து, அதை விட்டுவிடச் சொல்லவில்லை. கிரேட் எய்ட் முடித்த ஒரு பிள்ளை ஐந்து மீட்டர் தூரத்தில் இன்னொரு மனிதர் தாளே இல்லாமல் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று புதிது புதிதாகக் கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்கிறேன். வெளிநாட்டுக் குழு வந்தால் இரவுக் கச்சேரிக்கு முன் பின்னேரத்தில் மாணவர்களோடு ஒரு மணித்தியாலம் இருக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான ஜாஸ்காரர்கள் மாட்டேன் என்று சொல்வதில்லை.

கொழும்புக்கு ஜாஸ் புதிதும் இல்லை. புரூபெக் குவார்டெட்டை 1958 இல் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் போலந்து, துருக்கி, இந்தியா என்று அனுப்பியபோது இலங்கைக்கும் வந்தார்கள். அதே பயணத்தில் சென்னையில் அவருடைய ட்ரம்மர் ஜோ மொரெல்லோ மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். துருக்கித் தெருவில் கேட்ட ஒன்பது அடித் தாளம் புரூபெக்கின் மனதில் தங்கி, அடுத்த வருடம் 2+2+2+3 என்று ஒரு பாட்டாக வந்தது. கொழும்புத் தமிழருக்கு 1958 என்றால் மே மாதக் கலவரம்தான் முதலில் நினைவுக்கு வரும், அந்த வருடத்தில் ஒரு ஜாஸ் குழு வந்து போனதை எங்கள் வீடுகளில் யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள். 1963 இல் டியூக் எலிங்டன் தன் முழு ஒர்கெஸ்ட்ராவோடு இதே திணைக்களத்தின் பயணத்தில் வந்தார். அதற்கு முந்தின வருடம்தான் அவர் பாஸில் சார்லஸ் மிங்கஸ், ட்ரம்ஸில் மாக்ஸ் ரோச் இருவரோடும் ட்ரியோவாக ‘மணி ஜங்கிள்’ பதிந்திருந்தார். பாஸ்காரர் பியானோக்காரரோடு சண்டை பிடிக்கிற மாதிரி ஒரு ட்ரியோவைக் கேட்க ஆசையென்றால் அதைத் தேடிக் கேளுங்கள்.

ஆனாலும் ஜாஸ் கொழும்பில் பெரும்பாலும் ஹோட்டல்களிலும் நடன மண்டபங்களிலும் தங்கிவிட்டது. எங்கள் இசை கோயிலிலும் வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபம் போன்ற இடங்களிலும் இருந்தது. அம்மம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஹோட்டல் பாருக்குப் போக முடியாது. பாடசாலை மண்டபத்துக்குப் போகலாம், பஸ்ஸில் போகலாம், வெறும் செருப்போடு போகலாம்.

சரி, மண்டபம் கிடைத்தது, பியானோ? இதில்தான் பல கச்சேரிகள் வழுக்கி விழுகின்றன. ஒரு பியானோவுக்குள் 230 அளவில் கம்பிகள், எல்லாம் சேர்ந்து பதினைந்து இருபது தொன் இழுவிசை, அதைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம், சத்தத்தைப் பெருக்குகிற சவுண்ட்போர்டு மெல்லிய ஸ்ப்ரூஸ் மரம். ஈரப்பதன் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அதற்குச் சுகம். கொழும்புக் காற்றில் பெரும்பாலான நாட்களில் அது 70க்கு மேலேதான் நிற்கும். மரம் ஊதுகிறது, நடுப்பகுதிச் சுருதி ஏறுகிறது, கம்பியைத் தட்டுகிற ஹாமரின் ஃபெல்ட் ஈரத்தைக் குடித்துக் கனக்கிறது, கட்டைகள் அழுத்தினால் திரும்பி எழும்ப மறுக்கின்றன, கம்பி துருப்பிடிக்கிறது. இதைவிடக் கேடு என்னவென்றால், வருடம் முழுவதும் மூடிக் கிடக்கும் மண்டபத்தில் கச்சேரி அன்று மட்டும் ஏசியை உச்சத்தில் போடுவது. மத்தியானம் புழுக்கத்தில் சுருதி சேர்த்த பியானோ இரவு குளிரில் வேறு சுருதியில் நிற்கும். ஏசியை முதல் நாளே போட்டு, கச்சேரிக்கு இருக்கப் போகிற அதே குளிரில் ட்யூனரை வேலை செய்ய விட வேண்டும், இடைவேளையில் மேல் சுருதிக் கம்பிகளை ஒருமுறை தொட்டுப் பார்க்க அவர் அங்கேயே நிற்க வேண்டும். சாதாரண நாட்களில் பியானோவுக்கு உள்ளே ஈரத்தைக் காயவைக்கிற சின்ன ஹீட்டர் கம்பியைப் பூட்டிவிடலாம். ஒரு நல்ல பியானோவின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரிசளிப்பு விழாவுக்குக் கட்டிய மண்டபங்கள் இவை, சீமெந்துச் சுவர், வழுக்கலான தரை, எதிரொலி தாராளம். மூன்று வாத்தியத்துக்கும் மைக் வைத்துப் பெரிய ஸ்பீக்கரில் ஏற்றினால் முதலில் காணாமல் போவது பாஸ்தான், கீழ்ச் சுருதிகள் சுவரில் அடிபட்டு ஒரே ‘ஊம்’ என்று கலங்கிவிடும். பாஸ்காரருக்கு அவருடைய சின்ன ஆம்ப், பியானோவுக்கு லேசான உதவி, ட்ரம்ஸுக்கு மைக்கே வேண்டாம். ட்ரம்மர் பிரஷ்ஷை எடுத்து ஸ்நேர் என்ற சின்ன ட்ரம்மின் தோலில் வட்டமாகத் தடவும்போது அந்தச் சரசரப்பு கடைசி வரிசை வரை போனால் மண்டபம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஃபேன் சுற்றுகிற சத்தத்தில் அது முதலில் செத்துவிடும், அதனால் மெல்லிய பாட்டுகளுக்காவது ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள்.

தமிழ்க் காதும் பியானோ ட்ரியோவும் சேர்ந்தால் என்ன வரும் என்பதற்குப் பியானோக்காரர் விஜய் ஐயர் இருக்கிறார். தமிழ்ப் பெற்றோருக்கு 1971 இல் நியூயோர்க் மாநிலத்தின் அல்பனியில் பிறந்தவர், ஸ்டீஃபன் கிரம்ப் பாஸிலும் மார்கஸ் கில்மோர் ட்ரம்ஸிலும் இருந்த அவருடைய ட்ரியோ 2009 இல் ‘ஹிஸ்டோரிசிட்டி’, 2012 இல் ‘அக்சலராண்டோ’ என்று வெளியிட்டது. அடிகளை அடுக்குகிற விதத்தில் எங்கள் லயத்தின் சாயல் தெரிகிறது என்று எனக்குப் படுகிறது. அது முழுக்க ஜாஸாகவும் இருக்கிறது. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கு இவரை அறிமுகப்படுத்துங்கள், எங்கள் பெயர் உள்ள ஒருவரை அந்தக் கதிரையில் பார்ப்பது ஒரு பிள்ளைக்கு நிறையச் செய்யும்.

கச்சேரிக்குப் போகும்போது எங்கே உட்காருவது? விரல்களைப் பார்க்க ஆசையென்றால் மண்டபத்தின் இடதுபக்கம், பியானோவின் கட்டைகள் அந்தப் பக்கம்தான் இருக்கும். என் தெரிவு நடுவில், ஐந்தாம் ஆறாம் வரிசை, பாஸ்காரரின் இடது கை தெரிகிற இடம். வீட்டிலேயே பழகிக்கொண்டு போக வேண்டுமென்றால் பில் எவன்ஸ் ட்ரியோ 1959 டிசெம்பரில் பதிந்த ‘ஆட்டம் லீவ்ஸை’ ஹெட்ஃபோனில் போட்டு லஃபாரோவை மட்டும் கேளுங்கள். மெட்டு முடிந்தவுடன் பாஸ் நடப்பதை நிறுத்திவிட்டு பியானோவோடு துண்டு துண்டாகப் பேசும், பிறகு ஒரு இடத்தில் மூன்று பேரும் சேர்ந்து நடையில் இறங்குவார்கள். அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் மண்டபத்தில் உங்களுக்கு யாரும் எதையும் விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு தனியும் முடிந்தவுடன், பாட்டு போய்க்கொண்டிருக்கும்போதே கை தட்டலாம், அது வழக்கம்தான். பாஸின் தனி வரும்போது பியானோ அடங்கும், ட்ரம்ஸ் குறையும், மண்டபத்தில் சத்தம் இறங்கும், அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் சனம் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கத் தொடங்கும். தயவு செய்து அதை மட்டும் செய்யாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் தொடங்கினாலும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.